எதிர்ப்பேச்சு

பெயர் மட்டும் வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது. மேல்வரிசையில் ஒரு பல் லேசாக ஏறியிருக்கும், சிரிக்கும்போது அதை மறைக்க உதட்டை இழுத்துக்கொள்வாள், கனகாம்பரத்தைத் தவிர வேறு பூ வைக்க மாட்டாள், தயிர்சாதத்துக்கு வெல்லக்கட்டி தொட்டுக்கொள்ளும் ஒரே ஜீவன் இந்தப் பூமியில் அவள்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் போர்டில், செண்பகவல்லிக்கு வலது கைப்பக்கத்து நாற்காலி அவளுடையது. ஹெட்செட்டை மாட்டியதும் குரலை அப்படியே மாற்றிக்கொண்டு, என்னமோ ஜமீன் வீட்டு மருமகள் மாதிரி, "லைன் பிஸியா இருக்கு சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்பாள். எல்லாம் இருக்கிறது. பெயர் இருந்த இடத்தில்தான் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாளையங்கோட்டையில் அந்த நேரத்துக்குத் தெருவே படுத்துவிடும். சாப்பிட்ட மேஜையைத் துடைத்து அதன்மேல் கேரம் போர்டைப் போட்டு, புருஷன் பூதலிங்கம் போரிக் பவுடரைத் தூவி உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் தரையில் பாய் விரித்து விளையாடுவார்கள். இப்போது செண்பகவல்லி குனியக்கூடாது என்பதால் கேரம் போர்டு மேஜை ஏறிவிட்டது. எதிரே முதுகுக்குத் தலையணை வைத்து அவளை உட்கார்த்தியிருந்தார். வயசானால் பேர் மறக்கத்தான் செய்யும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டு நிம்மதியாகத் தேடப் போகலாம். அவளுக்கு அப்படி இல்லை. மறந்தது வயசாலா, இல்லை தலைக்குள் இருக்கிற அதனாலா என்று உடனே ஒரு விசாரணை கிளம்பிவிடும். காது உள்பக்கம் திரும்பிவிடும். இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே ஏதாவது துடிக்கிறதா, கண்ணுக்குப் பின்னால் கனமாக இருக்கிறதா, நாக்கு தடிக்கிறதா. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதிலும் முழு நம்பிக்கை இல்லை. பெயர், பெயர், பெயர். 'லி'யில் முடியுமோ?

தலைக்குள் இருக்கிற அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் மிளகு. டாக்டர் சொன்ன இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாமல் இல்லை, ஊரையெல்லாம் இங்கிலீஷில் கூப்பிட்டுக் கொடுத்த வாய்தான், ஆனாலும் தினமும் கூடவே குடியிருக்கிற ஒன்றை அவ்வளவு நீளமாக யார் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடைக் காலையில் மூளையில் ரத்தக்குழாய் ஒன்று வெடித்தது. வெடித்தது அவளுக்குத் தெரியாது. அன்றைக்குக் காலையில் காபி ஆற்றியது வரை இருக்கிறது, அதற்கப்புறம் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் "அம்மா, உங்க பேரு சொல்லுங்க, பேரு சொல்லுங்க" என்று கன்னத்தைத் தட்டுவதுதான் இருக்கிறது. நடுவில் இருந்ததெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது. தொடை வழியாகக் கம்பி விட்டு, தலை வரைக்கும் கொண்டுபோய், கிழிந்த இடத்தை உள்ளிருந்தே அடைத்தார்களாம். பிழைத்தது பெரிசு என்றார்கள். பிழைத்ததோடு கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. "இன்னொண்ணு இருக்கும்மா, இடது பக்கம், சின்னது" என்றார் டாக்டர், படத்தில் பென்சில் முனையால் காட்டி. ரத்தக்குழாயின் ஓரத்தில் ஒரு மொட்டு. மிளகு அளவு. வெடிக்கும் என்றும் சொல்ல முடியாது, வெடிக்காது என்றும் சொல்ல முடியாது, அது இருக்கிற இடத்தில் கம்பி போகாது, மண்டையைத் திறந்துதான் கட்ட வேண்டும், திறப்பதிலும் ஆபத்து உண்டு, விடுவதிலும் ஆபத்து உண்டு, யோசித்துச் சொல்லுங்கள், விட்டுவைப்பதென்றால் வருஷத்துக்கு ஒருதடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவள் யோசிக்கவே இல்லை. வேண்டாம் என்றாள். முதல் தடவை உள்ளே போய்வந்ததிலேயே எத்தனை காணாமல் போயிருக்கிறது என்று அவளுக்கல்லவா தெரியும். மகள் கோமதியின் கல்யாணத்தில் பாதி இல்லை, தன் அம்மா இறந்த வருஷம் முழுக்க இல்லை, பக்கத்து நாற்காலிக்காரி பெயர் இல்லை. மறுபடி திறந்தால் இன்னும் எதையெல்லாம் அள்ளிக்கொண்டு போவார்களோ. வேண்டாம் என்றதும் டாக்டர் பூதலிங்கத்தைப் பார்த்தார். பூதலிங்கம், "அவ சொன்னா சரிதான் சார்" என்றார். அந்த 'சரி' அன்றைக்கு அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது டாக்டர் சொன்னது இவ்வளவுதான். பி.பி. ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கனமானதைத் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது, டென்ஷன் வேண்டாம். எல்லா நோயாளிக்கும் சொல்கிற வார்த்தை, அடுத்த ஆள் உள்ளே வருவதற்குள் மறந்துவிடுகிற வார்த்தை. பூதலிங்கம் அதைச் சட்டமாக்கிவிட்டார். காலையில் எழுந்ததும் இசப்கோல் தண்ணீரை நீட்டி, "சரியா போச்சா?" என்று வாசல்வரை கேட்கிறாற்போல் விசாரிப்பதிலிருந்து ஆரம்பம். தும்மினால் வந்து நிற்பார், இருமினால் வந்து நிற்பார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, இந்த வீட்டில் செண்பகவல்லியை யாரும் மறுத்துப் பேசக்கூடாது என்ற விதி. கோமதி பூனாவிலிருந்து போன் பண்ணினால் "நீ சொல்றதுதாம்மா கரெக்ட்" என்கிறாள், பிறந்ததிலிருந்து அம்மா சொன்ன ஒன்றையும் கரெக்ட் என்று ஒத்துக்கொள்ளாத பெண். நாத்தனார் வந்தால் ரசத்தில் உப்பு கூடியிருந்தாலும் பேஷாக இருக்கிறது என்று குடித்துவிட்டுப் போகிறாள். சொல்லிவைத்திருக்கிறார் எல்லோரிடமும். கண்ணாடிச் சாமான் வந்திருக்கிறது, பார்த்துப் புழங்குங்கள் என்கிற மாதிரி.

யார்? இந்த பூதலிங்கம். சண்டை போடாமல் ஒரு நாளைக் கழித்தால் அன்று சாப்பிட்டது செரிக்காத மனுஷன். கண்டக்டரிடம் சண்டை, ரேஷன் கடையில் வரிசையை மறித்தவனிடம் சண்டை, யாரும் கிடைக்காவிட்டால் பேப்பரில் தலையங்கம் எழுதினவனிடம் சத்தம் போட்டுச் சண்டை. வீட்டிலோ கேட்கவே வேண்டாம். கோமதி பிறந்த அன்றைக்கு நல்ல மழை என்பாள் அவள், "மழையா? வெயில் மண்டையப் பொளந்துதுளா, நான்தான ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு சைக்கிள் மிதிச்சேன், எனக்குத் தெரியாதா" என்பார் அவர். நனைந்த சேலையைப் பற்றி அவள் சொல்வாள், டயர் உருகின ரோட்டைப் பற்றி அவர் சொல்வார், குழந்தையே நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நான் எப்பத்தான் பொறந்தேன், சொல்லித் தொலைங்க" என்று கேட்கும். கடைசியில் காலையில் வெயிலும் சாயங்காலம் மழையும் என்று ஒரு மாதிரி தீரும். அப்படித் தீர்ந்த நாள் அப்படியே நிற்கும், அசைக்க முடியாது. இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்து இழுத்து, இறுகி, கொடியில் துணி காயப்போடுகிற அளவுக்கு விறைப்பாக நிற்கும். எத்தனை நாட்களை அப்படிக் கட்டி வைத்திருந்தார்கள். குற்றாலத்தில் செருப்பு தொலைந்தது யாரால், முதல் டிரான்ஸ்பர் வந்தபோது அழுதது யார், பெண் பார்க்கிற சடங்கே இல்லாமல் கல்யாணம் ஆனவர்களில் முதலில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டது யார். சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்லும்போது எல்லோருக்கும் சிரிப்பு ஞாபகம் வரும், அவளுக்கு அந்தக் கூச்சல்தான் ஞாபகம் வருகிறது. 'ஏளா' என்று உரிமையாக அதட்டிக் கூப்பிட்ட வாய் இப்போது 'செம்பகம்மா' என்கிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

"செம்பகம்மா, நீ ஆரம்பி" என்றார். ஆரம்பித்தாள். ஸ்டிரைக்கரை விரலால் சுண்டியதும் காய்கள் சிதறின சத்தம், அந்த ஒரு சத்தத்தில் முப்பது வருஷம் திறந்துகொள்கிறது, எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் மனமகிழ் மன்றம், தகரக் கூரை, தொங்குகிற மஞ்சள் பல்பு, டியூட்டி முடிந்து வந்தவர்களின் டீ கிளாஸ், காதில் இன்னும் ஹெட்செட் அழுத்தின தடம். ஒரு வெள்ளைக் காய் விழுந்தது. அடுத்ததைத் தவறவிட்டாள். அவர் ஸ்டிரைக்கரை வைத்து, நேராக முன்னால் நிற்கிற கறுப்பை, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழுகிற கறுப்பை, அடித்து ஓரத்தில் மோதவிட்டு, "அடடா" என்றார். அந்த 'அடடா'வில் ஒரு துளி வருத்தம் கிடையாது. தோற்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிறார். மறுபடி அவள் முறை. ஸ்டிரைக்கரை நகர்த்திக்கொண்டே, பெயர், பெயர், நடு எழுத்து பெரிசாக வாய் திறந்து சொல்கிற மாதிரி, ஏறின பல்லு, கனகாம்பரம். "ஏங்க, போர்டுல எனக்கு வலதுபக்கம் இருந்தாளே, தயிர்சாதத்துக்கு வெல்லம் தொட்டுக்கிடுவா, அவ பேரு லில்லி புஷ்பந்தான?" என்றாள். "ஆமா, லில்லி புஷ்பந்தான்" என்றார் அவர் உடனே. ஒரு நொடி மனசு குளிர்ந்தது. கிடைத்துவிட்டது. லில்லி புஷ்பம். அந்தப் பெயரை அந்த முகத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை, சட்டைப் பித்தான் மாறிப் போட்ட மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. லில்லி புஷ்பம் வேறு யாரோ, ஒருவேளை சூப்பர்வைசரோ. இரண்டு காய் போட்டு முடித்து, அவர் மறுபடி ஒன்றைத் தவறவிட்டு 'அடடா' சொன்னதும், தண்ணீர் குடிக்கிற சாக்கில், "அந்த வெல்லக்கட்டிக்காரி, சொர்ணம், இப்பம் எங்க இருக்காளோ" என்றாள். "ஆமா, சொர்ணம், பாவம், எங்க இருக்காளோ" என்றார் பூதலிங்கம்.

தம்ளரைக் கீழே வைத்தாள். உள்ளே எதுவோ நழுவியது. ஒரே ஆள் லில்லி புஷ்பமாகவும் இருக்கிறாள், சொர்ணமாகவும் இருக்கிறாள், இன்னும் அரைமணி கழித்து மரகதம் என்றால் மரகதமாகவும் ஆவாள். பயம் வந்தால் அவள் எப்போதும் போகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே போனாள். அந்த பைனல். அது கெட்டியாக இருக்கிறது, தொட்டுத் தொட்டுப் பார்த்து வழுவழுப்பாகிவிட்டது. டிவிஷன் அளவில் கேரம் போட்டி, பெண்கள் பிரிவு கிடையாது, ஆண்களோடு ஆடி பைனல் வரைக்கும் வந்துவிட்டாள், மன்றத்தில் நிற்க இடமில்லை, பெரிய ஆபீசர் முன்வரிசையில், டிரங்க் போர்டுப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு. அம்பயர், புதிதாக மாற்றலாகி வந்திருந்த டெக்னீஷியன், ஒல்லியாக, நெற்றியில் ஒரு மயிர்க்கற்றை விழ, எவனோ பூதலிங்கமாம். கடைசி போர்டு, சிவப்புக் காயை, ரெட்டை, போட்டுவிட்டாள், அதற்குக் கூடவே ஒரு காய் போட்டாக வேண்டும், மூலையில் வெள்ளை ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, அடித்தாள், விழுந்தது, பின்னால் பெண்கள் கூச்சல் போட்டார்கள். கூச்சலுக்கு மேலாக ஒரு குரல். "ஃபவுல். முழங்கை அம்புக்கோட்டைத் தாண்டிட்டு." போர்டு மூலையில் வரைந்த அந்த அம்புக்கோட்டுக்கு வெளியே முழங்கை போனால் அடி செல்லாது, கோப்பை போச்சு. கூட்டம் கலைந்தபிறகு அவனிடம் நேரே போய், "கண்ணை டாக்டர்ட்ட காட்டுங்க" என்றாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் முழங்கை தெரிஞ்சுது" என்றான். ஒரு மாசம் கேன்டீனில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், அப்புறம் சண்டை போடப் போனாள், அப்புறம் சண்டை போடுவதற்காகவே போனாள். கோட்டைத் தாண்டவில்லை என்று அவளும் தாண்டியது என்று அவரும் கல்யாணத்தன்று மணவறையில்கூட அடிக்குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயர் இரண்டுதடவை திரும்பிப் பார்த்தார். தாண்டியது உண்மைதான். முழங்கை ஒரு விரற்கடை வெளியே போனது அவளுக்கே தெரியும். அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, ஒத்துக்கொண்டால் அப்புறம் அவரிடம் பேச என்ன இருக்கிறது.

கேட்கக்கூடாது என்று நினைத்தாள். லில்லியும் சொர்ணமும் போகட்டும், அவருக்கும் நிஜமாகவே மறந்திருக்கலாம். இதைக் கேட்டுவிட்டால் திரும்பி வர முடியாது. ஆனால் நாக்கு பழக்கப்பட்டது, வலிக்கிற பல்லுக்குத்தான் போகும். ரெட்டைக் குறிபார்த்துக்கொண்டே, நிமிராமல், "அந்த பைனல்ல நான் கோப்பை வாங்கினப்பம் பெரிய ஆபீசர் என்ன சொல்லிக் குடுத்தாரு?" என்றாள். நிமிர்ந்து பார்த்தாள். பூதலிங்கம் பவுடர் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார், திருகித் திறந்து, மறுபடி மூடினார். மனுஷன் இப்போது சொல்வார். கோப்பையா, நீயா, முழங்கை எங்க இருந்துது தெரியுமா என்று எழுந்து நின்றே சொல்வார். சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள். "நல்லா வெளையாடுனம்மான்னு சொன்னாரு" என்றார் அவர். "கைதட்டுல காது கிழிஞ்சு போச்சு."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. ஊரே பார்த்த ஒன்றை, அவர்கள் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி ஆனதற்கே காரணமான ஒன்றை, கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார், பிச்சை போடுகிற மாதிரி. அப்படியானால் இந்த இரண்டு வருஷமாக அவர் சொன்னதெல்லாம் என்ன? கோமதி கல்யாணத்தில் நீ மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தே என்றார், அதை நம்பி அந்த நிறத்தைத் தானே பார்த்த மாதிரி வைத்திருக்கிறாள். உன் அம்மா கடைசியில் உன் மடியில்தான் போனாள் என்றார். போனாளா? இவள் ஆசைப்பட்டுக் கேட்டதற்கு ஆமாம் போட்டாரா? தலைக்குள்ளே ஓட்டை இருக்கிற மனுஷிக்கு வெளியே ஒரு ஆள் நின்று 'இல்லை' என்று மறுத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எது நடந்தது எது நடக்கவில்லை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பாள். மிளகு வெடித்தால் ஒரேயடியாகப் போய்விடலாம், அது வெடிக்காமலேயே அவளுடைய நாட்களை இந்த மனுஷன் ஒவ்வொன்றாகக் கரைத்துக்கொண்டிருக்கிறார், அன்பாக, மெதுவான குரலில். அன்றைக்குக் காலையில், காபி ஆற்றினதற்கப்புறம், வெடிப்பதற்கு முன்னால், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "சும்மா பேசிட்டிருந்தோம்" என்பார். சும்மா என்ன பேச்சு? "என்னமோ, வீட்டு விஷயம்." அதுவும் பிச்சைதானா. அவள் பார்க்கிற அத்தனையும் ஆடத் தொடங்கியது, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள், இது பயத்தால் ஆடுகிறதா தலையால் ஆடுகிறதா என்று பழைய விசாரணை கிளம்பியது, அதை முதல் தடவையாக, போ என்று துரத்தினாள். கோபம் வந்திருந்தது. நல்ல, பழைய, அடிவயிற்றிலிருந்து வருகிற கோபம். ஸ்டிரைக்கரை எடுத்து, கோடு பார்க்காமல், வேண்டுமென்றே, பலம் கொண்டமட்டும் அடித்தாள். ஒரு கறுப்புக் காய் எகிறிப் பறந்து, தரையில் விழுந்து, உருண்டு, மேஜைக்கு அடியில் போனது.

"இரு, நான் எடுக்கேன்" என்று அவர் எழுவதற்குள் செண்பகவல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு மண்டிபோட்டுத் தலையைக் குனிந்து மேஜைக்கு அடியில் போய்விட்டாள். ரத்தம் நெற்றிக்கு இறங்குவது தெரிந்தது, காதில் கும்மென்றது.

"ஏளா! எந்திரி மேல!"

ஜன்னல் அதிர்ந்தது. "அறிவு கெட்டவளே, குனியாத குனியாதன்னு நாய் மாதிரி பின்னாலயே நின்னு சொல்லுதேன், மேஜைக்கு அடியில போயி தலையக் குடுக்கியே! எந்திரிளா!"

காயைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்து எழுந்து நின்றாள். ஏளா. எத்தனை நாள் ஆயிற்று. அவர் முகம் அதற்குள் வெளுத்துச் சுருங்கத் தொடங்கிவிட்டது. "தலை சுத்துதா? உக்காரும்மா, நான் தெரியாம..." என்று குரல் இறங்கியது. இறங்க விடக்கூடாது.

"நான் குனிஞ்சா ஒங்களுக்கு என்ன?" என்றாள். "நான் செத்துப் போறேன்னு சொன்னாலும் சரிம்மாம்பிய. சரிங்கறதுக்கு இந்த வீட்ல ஒரு ஆள் எதுக்கு?"

"பின்ன என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

"இல்லைன்னு சொல்லுங்க. அந்த வெல்லக்கட்டிக்காரி லில்லியா, சொர்ணமா?"

"ரெண்டும் கிடையாது!" அவருக்கே தெரியாமல் குரல் ஏறிவிட்டது. "தெய்வக்கனி! அவ பேரு தெய்வக்கனி! லில்லியாம், சொர்ணமாம்! கோப்பையும் நீ வாங்கல, ஒரு மண்ணும் வாங்கல, உன் முழங்கை கோட்டைத் தாண்டிட்டு, எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சொல்லுவேன். ஆபரேஷன் வேண்டாம்னு நீ சொன்னப்பம் சரின்னேனே, எனக்கு உள்ள எப்படி இருந்துது தெரியுமா? திறந்து கட்டிரலாம்ளான்னு அந்த டாக்டர் முன்னால கத்தணும் போல இருந்துது. கத்துனேனா? வாயத் தொறந்தேனா?"

"ஏன் தொறக்கல?"

மூச்சு வாங்க நின்றார்.

"அன்னைக்குக் காலையில என்ன பேசிட்டிருந்தோம்?" என்றாள் செண்பகவல்லி. "சும்மான்னு சொன்னா இப்பம் மறுபடியும் மேஜைக்கு அடியில போவேன்."

பூதலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்தவர் துண்டை எடுக்காமல் அதற்குள்ளிருந்தே பேசினார். "பேசல. சண்ட போட்டோம். மோட்டார் ஓடி, தொட்டி நெறஞ்சு, மொட்டமாடியில நீ காயப்போட்டிருந்த வத்தல் பூராவும் மெதந்துது. நீ மாடிப்படியில நின்னு சத்தம் போட்ட. நான் கீழ நின்னு போட்டேன். போட்ட சத்தத்துல..." நின்றார். "உன் தலையில இடி விழன்னு சொன்னேன். சொன்ன வாய மூடல. நீ தலையைப் பிடிச்சுட்டு அப்படியே படியில உக்காந்துட்ட."

அந்த ஊரில் அந்த வசவை வாங்காத தலை உண்டா. கீரைக்காரி மாட்டைப் பார்த்துச் சொல்வாள், வாத்தியார் வகுப்பைப் பார்த்துச் சொல்வார், செண்பகவல்லியே இவரைப் பார்த்து எத்தனை தடவை சொல்லியிருப்பாள், எண்ணினால் கணக்கில் அடங்காது. ரத்தக்குழாய் பல வருஷமாக மெலிந்துகொண்டே வந்து அன்றைக்கு விட்டது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார், இவரும் தலையை ஆட்டிக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வந்து, திருநீறுகூடப் பூசாத மனுஷன், தன் வாயில்தான் இடி இருந்ததென்று இரண்டு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய காது ஓரத்து மயிர் முழுக்க நரைத்திருந்ததை இப்போதுதான் பார்த்தாள். பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது, அந்த மிதக்கிற வத்தலை நினைத்தால் சிரிப்பு வரும்போலும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சந்தேகம் வந்தது.

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"நீ ஒண்ணும் சொல்லல."

"நானா? ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல." துண்டு கீழே இறங்கியது. கண் சிவந்திருந்தது. "கல்யாணம் ஆனதுல இருந்து அன்னைக்குத்தான் நீ பதில் சொல்லல. நான் கீழ நின்னுட்டே இருந்தேன்ளா. இப்பம் சொல்லுவ, இப்பம் சொல்லுவன்னு நின்னுட்டே இருந்தேன்."

செண்பகவல்லி இரண்டு கையையும் கேரம் போர்டின் விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். காய்கள் நகர்ந்தன. பம்பாய் லைன் தேய்ந்து போனால் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு குரல் கொடுப்பாளே, அந்தக் குரல் இன்னும் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. இருந்தது.

"மோட்டாரைப் போட்டுட்டு மறந்தது நீங்க. என் வத்தல நனைச்சது நீங்க. இடி என் தலையில எதுக்கு விழணும்? ஒங்க தலையில விழட்டும்!"

பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம் நின்றது. பூதலிங்கம் அசையாமல், அவள் நெற்றிப்பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் காதை உள்ளே திருப்பிக் கேட்டாள். தொண்டை எரிந்தது, நெஞ்சு படபடத்தது, மிளகு அதன் இடத்தில் அதுபாட்டுக்கு இருந்தது. நாளைக்கு எப்படியோ, அடுத்த ஸ்கேனில் எப்படியோ, அது தெரியாது. அவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"மோட்டாரப் போட்டது நீ" என்றார் கடைசியில்.

"யாரு, நானா?" என்று நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள் செண்பகவல்லி.